பாளையக்காரர், மிட்டாதார் வீடுகளின் பரம்பரைப் பொருள்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாளையக்காரர், மிட்டாதார், இனாம்தார் (வரிச்சலுகையோடு நிலக்கொடை பெற்றவர்) வழி வந்த வீடுகள் இன்னும் பல இருக்கின்றன. அந்த வீடுகளின் பரணிலும் பூஜை அறையிலும் இரும்புப் பெட்டியிலும் கிடக்கும் வாள், ஓலைச்சுவடி, மைசூர்ப் படம், வெள்ளிப் பன்னீர்ச்செம்பு, சரிகைப் புடவை பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடும் விதி ஒன்றே: முதலில் எழுதி வையுங்கள், அப்புறம் தொடுங்கள். துடைப்பது கடைசி வேலை.

எங்களுடையது பெரிய ஜமீன் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பதைச் சேகரிப்பு என்று சொல்ல முடியுமா?

முடியும். இந்தப் பகுதியில் பெரிய அரண்மனைகளைவிட நடுத்தரமான வீடுகளே அதிகம். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியை 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். 1802க்குப் பிறகு நிரந்தர வரித் திட்டம் வந்தபோது கிராமங்களைச் சேர்த்து மிட்டாக்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் மிட்டாதார். ஓசூர்ப் பக்கம் பாகலூர், பேரிகை, சூளகிரி எனப் பழைய பாளையங்கள் இருந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. நிலம் போனது, பொருள்கள் வீட்டில் தங்கின.

வாளும் வெள்ளியும் மட்டும் சேகரிப்பு இல்லை. கணக்கு நோட்டு, காளாஞ்சி, பாக்குவெட்டி, ஊஞ்சல் பலகை, பெயர் வெட்டிய அண்டா எல்லாமே சேரும். பெயர் வெட்டிய பாத்திரங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சீர் வரிசைப் பாத்திரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும் தலைப்பெழுத்து, ஊர்ப் பெயர், தேதி ஆகியவை வேறெந்த ஆவணத்திலும் இல்லாத கல்யாணங்களைச் சொல்லிவிடும். வீட்டுப் பெண்களின் பெயர் எழுத்தில் கிடைக்கும் ஒரே இடம் சில குடும்பங்களில் அதுதான். பழைய பித்தளையைப் போட்டுப் புதுசு வாங்கும்போது முதலில் உருகிப் போவதும் அதுவே.

பட்டியல் போடுவதை எங்கிருந்து தொடங்குவது?

ஓர் அறையிலிருந்து. வீடு முழுவதையும் கூடத்தில் கொட்டிவிட்டு எண்ணத் தொடங்கினால் எது எந்தப் பெட்டியில் இருந்தது என்ற செய்தி அன்றே அழிந்துவிடும். ஒரே பெட்டியில் இருந்த சாவி, சீட்டு, துணி மூன்றும் ஒன்றையொன்று விளக்கக்கூடியவை.

இரண்டு பேர் தேவை: ஒருவர் பொருளைக் கையாள, ஒருவர் எழுத. பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து எண் கொடுங்கள். 1, 2, 3 என்று நேர் எண் போதும். வகை வாரியாகக் குறியீடு வைத்தால் நடுவில் குழம்பும். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு படம்: முன், பின், அடி, எழுத்தோ முத்திரையோ இருக்கும் இடம். பக்கத்தில் அடிக்கோல் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். உயரம், அகலம், ஆழம் செ.மீ. கணக்கில், உலோகமானால் எடையும். உடைசல், ஒட்டு, பற்றவைத்த இடம் இருந்தால் அதையும் எழுதுங்கள். பொருள் களவு போனால் அடையாளம் காட்ட உதவுவது அழகான பகுதி இல்லை, அந்த உடைசல்தான்.

நோட்டில் இரண்டு பத்திகள் தனித்தனியாக இருக்கட்டும்: ‘தெரிந்தது’, ‘சொல்லப்படுவது’. ‘வாளின் நீளம் 84 செ.மீ., கைப்பிடி இரும்பு’ என்பது முதலாவது. ‘திப்பு கொடுத்தது’ என்பது இரண்டாவது. யார் சொன்னார், என்ன உறவு, எந்த நாளில் சொன்னார் என்பதோடு. இரண்டையும் கலந்தால் அடுத்த தலைமுறை ஒன்றையும் நம்பாது. பெரியவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டு, பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். ‘இதைப் பற்றிச் சொல்லுங்க’ என்றால் பதில் வராது. ‘இது எந்த ரூமில இருந்தது, யார் கையில சாவி’ என்று கேட்டால் வரும்.

எண்ணைப் பொருளில் எழுத, துணியானால் நாடாத் துண்டில் எழுதி ஓரத்தில் இரண்டு தையல். தாளானால் பின்பக்க மூலையில் 2பி பென்சில். உலோகம், மரமானால் நூலில் கட்டிய அட்டை. ஸ்டிக்கர், செல்லோடேப், ரப்பர் பேண்ட் மூன்றும் வேண்டாம். செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பர் ஓலையோடு ஒட்டிக் காய்ந்தால் எடுக்கும்போது ஓலையும் உடையும்.

முடிந்ததும் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவரிடம்.

ஆவணத்தில் ‘தாது வருஷம்’ என்றும் ‘பசலி’ என்றும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1312 என்றால் 1902 ஜூலை முதல் 1903 ஜூன் வரை. சாலிவாகன சகத்தோடு 78 கூட்ட வேண்டும். கலியுக ஆண்டிலிருந்து 3101 கழிக்க வேண்டும். மாதத்தைப் பொறுத்து ஓராண்டு முன்பின் வரும். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுற்றில் எந்தச் சுற்று என்பதுதான் சிக்கல்: தாது 1816ஆகவும் இருக்கலாம், பஞ்சம் வந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளானால் தலை உருவத்தைப் பாருங்கள். விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. வெறும் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலவற்றில் ஆலையின் நீர்க்குறியும் ஆண்டும் தெரியும். தாள் செய்த ஆண்டு அது. எழுதியது அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும்.

திப்பு காலத்து யானைக் காசுகளில் மவ்லூதி ஆண்டை (நபிகள் பிறப்பை வைத்துத் திப்பு தொடங்கிய கணக்கு) வலமிருந்து இடமாகப் பொறித்திருப்பார்கள். வழக்கம்போல இடமிருந்து படித்தால் இல்லாத ஆண்டு வரும்.

எங்கள் வீட்டுச் சுவடிகளில் தமிழே இல்லை. தூக்கிப் போடலாமா?

கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் இருப்பது இயல்பு. சில கணக்குகள் மோடி என்ற பழைய மராத்திக் கையெழுத்து முறையில் இருக்கும், சில சனதுகள் (அரசு கொடுத்த உரிமைப் பத்திரங்கள்) பாரசீகமாக இருக்கும். படிக்க முடியாத அந்தச் சுவடிக் கட்டுக்குள்தான் நில உரிமைச் சங்கிலியின் முதல் கண்ணி இருக்கக்கூடும். தமிழ்நாடு அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. பல மொழிச் சுவடிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நிலம் சம்பந்தப்பட்டதானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். ரீடு, மன்றோ காலத்துப் பாராமகால் பதிவுகள் அச்சிலும் வந்தவை. 1860களின் இனாம் பதிவேடுகளில் உங்கள் கிராமத்தின் பெயரைத் தேடினால், இனாம் யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு கிடைக்க வாய்ப்புண்டு.

கறுப்புத் துணியை விசிறி மடிப்பாக மடித்த ஒரு புத்தகம் இருக்கிறது. அழுக்காக உள்ளது, துடைக்கலாமா?

துடைக்கவே கூடாது. அது கடதம். மைசூர்ச் சீமையில் கணக்கெழுதப் புழங்கியது. துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசிக் கறுப்பாக்கி, மாக்கல் பலப்பத்தால் வெள்ளையாக எழுதுவார்கள். எழுத்து துணிக்குள் இறங்கியதில்லை, மேலே தூளாக உட்கார்ந்திருப்பது. விரல் பட்டாலே போய்விடும். நீங்கள் அழுக்கு என்று நினைக்கும் வெண்மைதான் எழுத்து. மடிப்புகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் திறந்து, தட்டையாக வைத்து, மேலிருந்து படம் எடுங்கள். மூடும்போது மடிப்புக்கு நடுவே வழவழப்பான தாளை இழுக்காமல் மேலே இறக்கி வையுங்கள். எலிக்கும் கரப்பானுக்கும் புளியங்கொட்டைப் பசை பிடிக்கும். ஆகவே இறுக்கமாக மூடும் தகரப் பெட்டி.

ஓலைச்சுவடிகளை வீட்டிலேயே எப்படிப் பராமரிப்பது?

முதலில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சுவடிக் கட்டை வெள்ளைத் தாளின் மேல் ஒரு வாரம் வைத்து எடுத்தால், அடியில் புதிய பொடி விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

தூசு தட்ட, ஓவியத்துக்குப் பயன்படும் அகலமான மென்தூரிகை. ஓலையின் நரம்போட்டத்தை ஒட்டியே தள்ள வேண்டும். குறுக்கே இழுத்தால் ஓரச் சிலும்பு பெயரும். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் நெம்பாதீர்கள், அப்படியே விடுங்கள். ஈரப்பதம் கொடுத்துப் பிரிப்பது பயிற்சி பெற்றவர் வேலை. சுவடிகளைப் பராமரிக்கும் நூலகங்களில் ஓலையைத் துடைத்துக் காயவைத்தபின் எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லிசாகத் தடவுவார்கள். ஓலை வளையும் தன்மை பெறும், பூச்சியும் அண்டாது. வீட்டில் செய்வதானால் எழுத்தில்லாத ஓர ஓலையில் சோதித்துப் பார்த்தபிறகே. மையால் எழுதியதோ வண்ணம் தீட்டியதோ இருந்தால் எந்த எண்ணெயும் கூடாது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எந்தச் சுவடிக்கும் கூடாது. முதலிரண்டும் பிசுபிசுத்துத் தூசைப் பிடித்து வைக்கும்.

எழுத்து தெரியவில்லை என்று உடனே கரி பூசிவிடாதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓலையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுத்தால் எழுத்தாணிக் கீறல்கள் நிழலாக எழுந்து நிற்கும். பெரும்பாலும் அதுவே போதும்.

நைலான் கயிறு ஓலையின் துளையை அறுத்துவிடும். பருத்தி நூலாக மாற்றுங்கள், ஓலையைப் புரட்டத் தளர்வு விடுங்கள். மேலும் கீழும் ஓலையைவிடச் சற்றே பெரிய மரச்சட்டம், சுற்றிப் பருத்தித் துணி, துணிக்கு வெளியே சிறு பையில் வசம்புத் துண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வசம்பை மாற்றுங்கள், வாசனை போனால் பலனும் போய்விடும். வரிசை தப்பியிருப்பதாகத் தோன்றினாலும் ஓலைகளை மாற்றி அடுக்காதீர்கள். முதலில் இருக்கும் வரிசையிலேயே படம் எடுங்கள். இடது ஓரத்துத் தமிழ் எண்ணைப் பார்த்துப் பிறகு கணினியில் வரிசைப்படுத்தலாம்.

பழைய பத்திரங்களை லேமினேஷன் செய்துவிட்டால் பத்திரமாக இருக்குமே?

இருக்காது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பத்திரத்தைக் கிழிக்காமல் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே அடைபட்ட அமிலம் தாளைத் தொடர்ந்து தின்னும். பாலியெஸ்டர் உறையில் செருகி வைத்தால் போதும்.

சுவரில் இருக்கும் பழைய சாமி படம் தஞ்சாவூரா, மைசூரா, அச்சா?

மைசூரோடு இருந்த தொடர்பால் இங்கே மைசூர்ப் படம் கிடைப்பது ஆச்சரியம் இல்லை. படத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நகையும் திருவாசியும் தடித்து மேலெழும்பி, கல் பதித்து, தங்கத்தகடு அகலமாகப் பளபளத்தால் தஞ்சாவூர். அடியில் பலகை, அதன்மேல் துணி, சுண்ணப்பொடிப் பூச்சு இருக்கும். பூ வேலை கோட்டளவுக்கே எழும்பி, தங்கம் மெல்லிசாக மங்கி, ஆடையின் மடிப்பும் முகமும் நுணுக்கமாக இருந்தால் மைசூர்; அது பெரும்பாலும் தாளில் தீட்டிப் பலகையில் ஒட்டியது.

அச்சா என்று அறிய 10 மடங்கு பூதக்கண்ணாடி வாங்குங்கள். முகத்தில் தூரிகைக் கோட்டுக்குப் பதிலாகப் பல வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் அது கல்லச்சுப் படம். ரவி வர்மா 1894இல் பம்பாய்க்கு அருகே தொடங்கிய அச்சகத்தின் படங்கள் ஊரெங்கும் பரவின. அச்சகப் பெயர் அடி ஓரத்தில் இருக்கும். சட்டம் போட்டவர்கள் அதை உள்ளே மடித்தோ வெட்டியோ விட்டிருப்பார்கள். அச்சுப் படத்தின்மேல் சரிகை, ஜிகினா, பாசிமணி தைத்து அலங்கரித்தவையும் உண்டு. அந்த அலங்காரத்தைப் பிரித்துச் ‘சுத்தப்படுத்தி’ விடாதீர்கள். அச்சு பல ஆயிரம் வீடுகளில் இருக்கும். அந்தக் கைவேலை உங்கள் வீட்டில் மட்டும்தான்.

தஞ்சாவூர், மைசூர் இரண்டையுமே ஈரத்துணியால் தொடக்கூடாது. அடியிலுள்ள பூச்சைப் பிடித்து வைத்திருப்பது பசை. தண்ணீர் பட்டால் ஊறி, காயும்போது தங்கத்தோடு உரிந்து வரும். உதிர்ந்த துணுக்கைக் குப்பையில் போடாமல் காகித உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதுங்கள். திரும்ப ஒட்ட முடியும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்பக்கம் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். தருமபுரிக் கோடை வறட்சியில் பலகை சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். பூச்சு விரிசல் விடுவது இந்த ஆட்டத்தால்தான். ஈரப்பதத்தை 45 முதல் 60 சதவீதத்துக்குள் நிலையாக வைத்தால் போதும். பகலில் மட்டும் ஏசி போட்டு இரவில் அணைக்கும் அறை இதற்கு மோசமான இடம். விளக்கையும் ஊதுவத்தியையும் படத்துக்குக் கீழே வைக்காமல் தள்ளி வையுங்கள்.

பித்தளை, வெண்கலம், வெள்ளியைப் புளி போட்டு விளக்கலாமா?

தினம் புழங்கும் குடம், குத்துவிளக்குக்குத் தாராளமாக விளக்கலாம். நூறாண்டு கடந்த சிலை, பழைய விளக்கு, எழுத்து வெட்டிய பாத்திரம் ஆகியவற்றுக்குக் கூடாது. கரும்பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலம் உலோகத்தைக் காக்கிறது. வயதுக்குச் சாட்சியும் அதுதான்.

ஒன்றை மட்டும் உடனே கவனிக்க வேண்டும். வெளிர்பச்சையில், மாவு போல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்கல நோயாக இருக்கலாம். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகும். புள்ளியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பொருளை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பக்கத்தில் நனைத்த பஞ்சை ஒரு கிண்ணத்தில் வைத்து ஒருநாள் மூடி வையுங்கள். மறுநாள் அதே இடத்தில் பச்சைப் பொடி வந்திருந்தால் நோய்தான். உடனே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட உலர்ந்த டப்பாவுக்கு மாற்றி, நிபுணரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு.

வெள்ளிக்கு விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு படலம் வெள்ளி போகிறது. பன்னீர்ச்செம்பின் கழுத்து வேலைப்பாடும் தங்க முலாமும் முதலில் மழுங்கும். பழையதை மென்துணியால் துடைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால் அடிக்கடி தேய்க்கும் தேவையே வராது.

ஆயுத பூஜைக்கு வாளை வைத்துக் கும்பிடுகிறோம். அதனால் கெடுமா?

கும்பிடுவதால் கெடாது. நுனியில் எலுமிச்சம்பழம் குத்துவதால் கெடும். பழச்சாற்றின் அமிலம் இரும்பில் ஒரே இரவில் கறுப்புத் தழும்பு விடும். ஈரச் சந்தனமும் குங்குமமும் காயும்வரை ஈரத்தைப் பிடித்து வைத்து, அதன் அடியில் துரு தொடங்கும். பொட்டை உறையிலோ, வாளின் கீழே விரித்த பட்டுத் துணியிலோ வைக்கலாம். பழத்தைப் பக்கத்துத் தட்டில் வைக்கலாம். அலகில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டு வழக்கம் இருந்தால், பூஜை முடிந்த அன்றே துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள்.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், துணியில் தொட்டு மெல்லிசாக. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் அமிலமாகி, பித்தளைப் பூணைப் பச்சையாக்கும், ஓசூர் மார்கழிக் குளிரில் உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும். உறையிலிருந்து உருவும்போது உறையின் வாய்ப்பகுதியை உள்ளங்கையால் சுற்றிப் பிடிக்காதீர்கள். பழைய மர உறையின் ஓரம் இற்றிருந்தால் அலகு அதைப் பிளந்துகொண்டு கையை வெட்டும். உறையின் இரு தட்டைப் பக்கங்களை மட்டும் பிடியுங்கள். உருவியபின் வாளையும் உறையையும் தனித்தனியாக வைப்பது நல்லது. வெல்வெட் ஒட்டிய உறை ஈரத்தை உறிஞ்சி அலகிலேயே விடும்.

உப்புத்தாளும் கிரைண்டரும் அறவே கூடாது. பழைய உருக்கு அலகில் நீரோட்டம் போன்ற வரி இருந்தால் கிரைண்டர் அதை அழித்துவிடும். கைப்பிடியை வெந்நீரில் கழுவாதீர்கள். அரக்கு வைத்துப் பொருத்தியிருப்பார்கள், இளகிக் கழன்று வரும்.

தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி பரணில் இருக்கிறது. பழசுதானே, வைத்துக்கொள்ளலாமா?

பழசு என்பது மட்டும் போதாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்குத் தருகிறது. சுடக்கூடியதென்றால் உரிமம் வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியது காவல்துறை. நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

அதற்கும் முன்னால் பாதுகாப்பு. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் பழைய மருந்து இன்னும் இருக்கலாம்; கறுப்பு வெடிமருந்து உலர்ந்திருந்தால் எத்தனை காலமானாலும் வெடிக்கும். குழலின் வாய்க்கு நேரே நிற்காமல், பக்கவாட்டிலிருந்து மெல்லிய மூங்கில் குச்சியைத் தட்டாமல் குத்தாமல் உள்ளே விட்டு, நிற்கும் இடத்தில் குறி போட்டு எடுங்கள். அதைக் குழலின் வெளியே ஒட்டி வைத்துப் பாருங்கள். நெருப்புத் துளைக்கு மூன்று நான்கு விரற்கடை முன்னாலேயே குச்சி நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதோடு நிறுத்தி, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

புலித்தோல், தந்தம், மான் கொம்பு?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உடைமைச் சான்று இருக்கிறதா என்று பழைய கோப்புகளில் தேடுங்கள். அறிவிக்காமல் விட்டவர்களுக்கு 2003இல் 180 நாள் வாய்ப்புக் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. சான்று இருந்தால் வாரிசுக்குப் போகலாம், விற்கக் கூடாது. அந்த வாரிசுமாற்றத்தையும் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் 2022 திருத்தத்தின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது. சான்றே இல்லை என்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பாடம் செய்த தலைகளைக் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பழைய முறையில் ஆர்சனிக் பூசியிருப்பார்கள். அதைக் குழந்தைகள் அறையில் மாட்டவே கூடாது.

பாட்டியின் பட்டுப்புடவை மடிப்பில் கிழிகிறது. என்ன செய்வது?

அதே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்ததுதான் காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பு மாறி விழும்படி மடியுங்கள். மடிப்புக்குள் மல் துணியை உருளையாகச் சுருட்டி வைத்தால் இழை முறியாது. இழை நொந்துபோன புடவையை மடிக்கவே வேண்டாம். துணி சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள். சரிகையும் சரிகையும் உரசாமல் நடுவில் வெளுக்காத காடாத் துணி. செய்தித்தாள் வேண்டாம். அந்துருண்டை புடவையில் படக்கூடாது. அதோடு கற்பூரத்தையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகிக் கறை விடும். நொந்த பட்டை டிரைகிளீனிங் கொடுத்தால் துண்டாகத் திரும்பி வரும்.

தெருவில் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று வருபவர்கள் வாங்குவது சரிகையின் வெள்ளியை, புடவை எரிக்கப்படும். பணத்தேவை இருந்தாலும் அதற்கு முன் முந்தானை, பார்டர், உடல் மூன்றையும் அளவுகோலோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். கையால் கோத்த நெசவுக்கு வேறு பதிவு கிடையாது.

எதையெல்லாம் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்?

1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. நூறாண்டு கடந்தவை தொல்பொருள். சுவடி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு. ஆனால் எல்லாத் தொல்பொருளையும் பதிவு செய்யச் சொல்லவில்லை. கல், உலோகம், சுடுமண், தந்தம் போன்றவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், படம் தீட்டிய சுவடிகள் ஆகியவையே முக்கியமானவை. பூஜை அறைப் பஞ்சலோகச் சிலை நூறாண்டு கடந்ததென்றால் அதுவும் சேரும், கும்பிடுகிறோம் என்பதால் விலக்கு இல்லை. பதிவு செய்தால் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேண்டாம். அது உங்களிடமேதான் இருக்கும். களவு போனால் உங்களுடையது என்று நிரூபிக்க அந்தச் சான்றைவிட வலுவானது இல்லை. கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குச் சிலையை சூட்கேஸில் கொடுத்து அனுப்புவது குற்றம்.

வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது காசோ சிலையோ கிடைத்தால் அது வேறு சட்டம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எதுவானாலும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து வாங்க வருகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் பட்டியல் முடியும்வரை யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். வருபவர் கதவு, தூண், ஊஞ்சல் கேட்டு வருவார். அதிக விலை சொல்லி வாங்குவார். அந்த நல்லெண்ணத்தில் காளாஞ்சியும் படமும் ‘சும்மா சேர்த்து’ போய்விடும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் தேவை, கேட்டுப் பாருங்கள். எடைக்கு விலை பேசுபவரிடம் எழுத்து வெட்டிய எதையும் கொடுக்காதீர்கள். ‘வெறும் போட்டோ எடுத்துக்கறேன்’ என்பதற்கும் உடனே சம்மதிக்க வேண்டாம்; அந்தப் படமே எந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும்.

பாகப்பிரிவினையில் பொருள்களை எப்படிப் பிரிப்பது?

தங்கம், வெள்ளியை எடைக்குப் பிரிக்கலாம். சுவடிக் கட்டு, ஜோடி விளக்கு, செப்பேடு, கணக்குத் தொகுதி ஆகியவற்றைப் பிரிக்கக் கூடாது. பாதிச் சுவடி இருவருக்குமே பயன்படாது. மூலம் ஒருவரிடம், முழு டிஜிட்டல் பிரதி எல்லோரிடமும், பார்க்கவும் படமெடுக்கவும் எல்லோருக்கும் உரிமை என்று பத்திரத்தில் எழுதிவிடுங்கள். பட்டியலை எண்ணோடும் படத்தோடும் பத்திரத்தின் இணைப்பாகச் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. ‘பூஜைப் பாத்திரங்கள் சில’ என்று எழுதிய பத்திரங்கள்தான் பிறகு நீதிமன்றம் போகின்றன.

கோயில் நகை, பல்லக்கு, வாகனம், உற்சவர் சிலை வீட்டுப் பெட்டகத்தில் இருந்தாலும் அவை பாகத்தில் வரா. பரம்பரை தர்மகர்த்தா அவற்றுக்குக் காவலர்தான், உடைமையாளர் இல்லை. அறநிலையத்துறைச் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குடும்பப் பட்டியலிலிருந்து தனியாக எழுதி வையுங்கள். பரிவட்டம், முதல் மரியாதை வழக்கங்களையும் அங்கேயே எழுதலாம்.

வங்கி லாக்கர் போதுமா?

நகைக்குப் போதும். ஓலைக்கும் படத்துக்கும் ஆகாது. லாக்கர் அறையில் ஈரம் தேங்கும். வெள்ளியோடு சிலிக்கா ஜெல் பை ஒன்று வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். திருட்டு, தீ போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்குதான் என்பது ரிசர்வ் வங்கி விதி. மேற்கொண்டு காப்பீடு வேண்டுமானால் மதிப்பீட்டுச் சான்றோடு பொருளின் பெயரைக் குறிப்பிட்டே எடுக்க வேண்டும். வீட்டுக்கான பொதுப் பாலிசி பெரும்பாலும் பழம்பொருளை ஏற்காது.

வீட்டில் வைத்துக் காக்க முடியவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் நல்லதா?

கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. இப்பகுதி நடுகற்களைப் பார்க்க நல்ல இடம். ஆகவே நிலத்தில் நிற்கும் நடுகல்லைப் பெயர்த்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவராமல் அங்கே தகவல் கொடுங்கள். பொருளைக் கொடுப்பதென்றால் நன்கொடையா, காலவரையறை உள்ள கடனா என்று எழுத்தில் தெளிவாகட்டும். நன்கொடை திரும்ப வராது. சேர்க்கை எண், ஒப்புகைச் சீட்டு, பெயர்ப்பலகையில் என்ன எழுதுவார்கள் என்பது மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ‘சொல்லப்படுவது’ பத்தியின் நகலையும் பொருளோடு கொடுங்கள். அருங்காட்சியகத்துக்கு வாள் கிடைப்பதைவிட, அது எந்த ஊர், எந்த வீடு, எந்தத் திருநாளில் வெளியே எடுத்தார்கள் என்ற தகவல் கிடைப்பது அரிது. சுவடிகளைக் கொடுக்க மனமில்லை என்றால் மின்படியாக்கத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம். உங்கள் வீட்டிலேயே கேமரா வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். எண்ணி எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி, அன்றே பெட்டியில் திரும்ப வையுங்கள்.